பெண்பிள்ளைகளின் உணவும் மார்பகப் புற்றுநோயும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘உடல்நலம் மற்றும் நோய்கள்’ பாடம் நடத்தும்போது, “என்ன சாப்பிட்டால் மிஸ் இந்த நோய் வரும்?” என்ற கேள்வி தவறாமல் வரும். கேட்கும் பிள்ளையின் வீட்டிலேயே அத்தையோ பாட்டியோ சிகிச்சையில் இருக்கக்கூடும். நாம் அவசரமாக எதையாவது சொல்லிவைத்தால், “நீங்கள் அதைத் தின்றதால்தான் வந்தது” என்று அந்தப் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லிவிடும். ஆகவே சான்றுள்ளதை மட்டும் சொல்வது நல்லது.

இந்தியப் பெண்களிடம் இன்று மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். 2022-இல் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பேருக்குப் புதிதாக வந்திருக்கும் என்பது உலக அளவிலான மதிப்பீடு. வயது, மரபு, பூப்படைந்த வயது, மாதவிடாய் நின்ற வயது போன்ற காரணிகள் நம் கையில் இல்லை. உணவின் பங்கு சிறியது. என்றாலும் அது நம்மால் மாற்றக்கூடியது.

எண்ணெய்ப் பலகாரம் நேராக இந்த நோயைத் தரும் என்று பலரும் நம்புகிறோம். அமெரிக்காவில் 48,835 பெண்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்ட குழுவில் சுமார் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் நோய் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று 2006-இல் முடிவு வெளியானது. உடல் பருமனுக்கோ வலுவான சான்று உண்டு. மாதவிடாய் நின்றபின் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். அதன்பிறகு அந்த ஹார்மோன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடும். அது மார்பகச் செல்களைப் பெருகத் தூண்டும். தமிழ்நாட்டில் அதிக எடை கொண்ட பெண்கள் 2015-16-இல் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4 விழுக்காடு என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இரவில் பரோட்டாவும் சால்னாவும், மாலையில் ஜிகர்தண்டாவும் வழக்கமாகிவிட்ட மதுரையில் இந்த எண் எனக்கு வியப்பளிக்கவில்லை.

மதுவும் இந்நோயின் அபாயத்தைக் கூட்டும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. தாய்ப்பால் கொடுப்பது குறைக்கும்: 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான முடிவின்படி, கூடுதலாகப் பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அபாயம் 4.3 விழுக்காடு குறைகிறது.

ஆசிரியர்களாகிய நமக்கு முக்கியமானது 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. உயர்நிலைப் பள்ளிப் பருவத்தில் நார்ச்சத்து மிகுதியாக உண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் அபாயம் சுமார் 16 விழுக்காடு குறைவாக இருந்தது. பழைய உணவை நினைவிலிருந்து சொன்ன பதில்கள் என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் பின்பற்றுவதில் நட்டமில்லை. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பாட்டிமார் கிண்டிய கேப்பைக் களியிலும் கம்மங்கூழிலும் இந்தச் சத்து நிறைய உண்டு. 100 கிராம் கேப்பையிலும் கம்பிலும் சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியிலும் மைதாவிலும் 3 கிராமுக்கும் குறைவு.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. சாம்பாரில் காய் போடுகிறார்கள். பிள்ளைகள் அதை ஒதுக்கித் தட்டின் ஓரத்தில் வைக்கிறார்கள். ஆசிரியரும் உடன் அமர்ந்து சாப்பிட்டால் ஓரத்தில் ஒதுங்கும் காய் குறைகிறது என்பது நான் கண்டது.

எந்தக் கீரையும் எந்தக் கஷாயமும் வந்த கட்டியைக் கரைக்காது. பத்தியம் இருந்து பார்க்கிறேன் என்று மாதங்களைக் கடத்துவதுதான் பெரிய ஆபத்து. மார்பில் கட்டி, தோலில் குழிவு, காம்பில் கசிவு இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை இலவசம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் தாய்மாரிடம் இதை அறிவிக்க ஐந்து நிமிடம் போதும்.