உங்களுக்குத் தெரியுமா? 11 வரி காணாமல் போன நாள்

2016 மார்ச் 22. உலகின் பல மூலைகளில் இணையச் செயலி எழுதுவோர் வழக்கம்போல் 'இன்ஸ்டால்' கட்டளை கொடுத்தார்கள். பிழைச் செய்திதான் வந்தது. காணாமல் போயிருந்தது 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரல்.

அதன் வேலை இவ்வளவுதான்: 7 என்ற எண்ணைக் கொடுத்து மூன்று இலக்கம் வேண்டும் என்றால், இடப்பக்கம் பூஜ்யம் சேர்த்து 007 என்று தரும். பேபல் என்ற பெரிய ஜாவாஸ்கிரிப்ட் கருவியைப் பயன்படுத்திய பலர் இதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பேபல் நம்பியிருந்த நிரல் தொகுப்புகளின் அடியில் எங்கோ இது இருந்தது.

லெஃப்ட்-பேடை எழுதியவரின் இன்னொரு தொகுப்பின் பெயரை, ஒரு நிறுவனம் கேட்டதற்காக, இந்தத் தொகுப்புகளைச் சேர்த்து வைத்து வழங்கும் என்பிஎம் களஞ்சியம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அவர் தன்னுடைய தொகுப்புகள் அனைத்தையும், 250-க்கும் மேற்பட்டவற்றை, நீக்கிவிட்டார். காசு வாங்காமல் உழைத்துக் கொடுத்தவரின் கோபம் அது. அதில் நியாயம் உண்டு என்றே சொல்வேன்.

சில மணி நேரத்தில் என்பிஎம் அந்த நிரலை மீட்டு வைத்தது. வெளியாகி 24 மணி நேரம் கடந்த பதிப்பை எழுதியவரே நினைத்தவுடன் நீக்க முடியாதபடி விதியையும் மாற்றியது. பின்னர் அந்தக் கெடு 72 மணி நேரமானது. 2017-இல் 'பேட்ஸ்டார்ட்' என்ற வசதி ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே சேர்ந்துவிட்டது. இப்போது 7-ஐ 007 ஆக்க வெளித்தொகுப்பு எதுவும் தேவையில்லை.