ஜொகூரில் அனுமதி வேண்டாம், சிங்கப்பூரில் வேண்டும்! பதிப்புரிமையில் ஏன் 20 ஆண்டு வித்தியாசம்?

'தி ஹாபிட்' நாவலைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட ஆசையா?

ஜொகூர் பாருவில் வெளியிட்டால் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம். கடற்பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸில் வெளியிட்டால் 2043 முடியும்வரை அனுமதி தேவை.

அதெப்படி?

நூலாசிரியர் டோல்கியன் 1973இல் காலமானார். எழுத்தாளர் இறந்த பிறகும் பதிப்புரிமை சில ஆண்டுகள் நீடிக்கும். எத்தனை ஆண்டுகள் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

- மலேசியா: 50
- இந்தியா: 60
- சிங்கப்பூர், பிரிட்டன்: 70

யார் முடிவு செய்வது?

பெர்ன் அனைத்துலக உடன்படிக்கை குறைந்தது 50 ஆண்டுகள் என்கிறது. அதிகபட்சம்? வரம்பே இல்லை.

சிங்கப்பூரிலும் முன்பு 50தான். அமெரிக்காவுடனான தடையற்ற வர்த்தக உடன்பாடு 2004இல் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு அது 70 ஆனது.

மலேசியாவும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. டிபிபி எனும் பசிபிக் வட்டார உடன்பாட்டில் 70 ஆண்டு விதி இருந்தது. 2017இல் அமெரிக்கா விலகியதும் மற்ற 11 நாடுகள் அந்த விதியை நிறுத்திவைத்தன. 50 தப்பித்தது!

2022 இறுதியில் கனடா 70க்கு மாறியது. அதற்கும் காரணம் அமெரிக்காவுடனான உடன்பாடுதான். ஆக, 'எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு' என்றால் பெரும்பாலும் நீளமான அளவுதான்.

நல்லதுதானே?

ஆதரிப்போர் சொல்வது: எழுத்தாளரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கு வருமானம் கிடைக்கும். இணையத்துக்கு எல்லை இல்லை. விதி ஒன்றாக இருந்தால் குழப்பம் குறையும்.

எதிர்ப்போர் கேட்பது: இறந்தவர் இன்னொரு நாவலா எழுதப்போகிறார்? கூடுதல் 20 ஆண்டுகளால் புதிதாக எழுத ஊக்கம் ஒன்றும் பெரிதாகக் கூடாது என்று 2002இல் 17 பொருளியல் வல்லுநர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டனர். அவர்களில் ஐவர் நோபெல் பரிசு பெற்றவர்கள். ஆனாலும் நீதிமன்றம் நீட்டிப்பை ஏற்றுக்கொண்டது.

நமக்கு என்ன?

டோல்கியன் புத்தகம் எப்படியும் கடையில் கிடைக்கும். சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சான உள்ளூர்த் தமிழ் நூல் என்னாகும்? ஆசிரியர் 1980இல் இறந்தார் என வைத்துக்கொள்வோம். வாரிசு யார், எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. அனுமதி இல்லாமல் அதை மறுபதிப்புச் செய்ய மலேசியாவில் 2031 வரை காத்திருக்கவேண்டும். சிங்கப்பூரில்? 2051!

அதுவரை அந்தப் புத்தகம் ஒரு பிரதியாவது மிஞ்சுமா என்பதுதான் கேள்வி.