தொப்புள்கொடி சொன்ன சாட்சி

ஜப்பானின் கியூஷூ தீவில், ஷிரானுயி கடலோரம் இருக்கிறது மினமாட்டா. 1961-இல் மசாசுமி ஹராடா என்ற இளம் மருத்துவர் அங்கே ஒரு வீட்டில் இரண்டு சிறுவர்களைப் பார்த்தார். அண்ணன் தம்பி. இருவருக்கும் ஒரே மாதிரி கைகால் தடுமாற்றம், ஒரே மாதிரி குழறல் பேச்சு. ஆனால் அண்ணனுக்கு வந்தது விஷமேறிய மீனால் உண்டாகும் மினமாட்டா நோய் என்றும், தம்பிக்கு இருப்பது பிறவி மூளை வாதம் என்றும் மருத்துவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அண்ணன் அந்தக் கடல் மீனைத் தின்றவன்; தம்பி தின்னாதவன்.

தாய் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மீனைத் தானும் தின்றதாகவும், அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைதான் விஷத்தை வாங்கிக்கொண்டதாகவும் அவர் அடித்துச் சொன்னார்.

விஷம் வந்த வழி ஊருக்குள்ளேயே இருந்தது. சிஸ்ஸோ நிறுவனத்தின் ரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு தயாரித்தது. அதில் உண்டான மெதில் பாதரசம் கழிவுநீரோடு கடலில் கலந்தது. மீனிலும் சிப்பியிலும் சேர்ந்தது. அவற்றைத் தின்ற பூனைகளும் மனிதர்களும் நரம்பு தளர்ந்து விழுந்தார்கள். நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே 1-இல்.

நஞ்சுக்கொடி கருவுக்கு அரண், விஷம் அதைத் தாண்டாது என்றுதான் அன்றைய மருத்துவம் நம்பியது. மெதில் பாதரசம் அந்த நம்பிக்கையை உடைத்தது. உடலுக்குள் அது ஒரு அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கரு வளரத் தேவையான சத்து என்று எண்ணி, நஞ்சுக்கொடியே அதை உள்ளே அனுப்பிவிடுகிறது. இதனால் குழந்தையின் ரத்தத்தில் தாயின் ரத்தத்தைவிட அதிகப் பாதரசம் சேர்கிறது. வளர்ந்தவரின் மூளையில் குறிப்பிட்ட சில பகுதிகளைத் தாக்கும் இந்த நஞ்சு, உருவாகிக்கொண்டிருக்கும் மூளையைப் பரவலாகச் சிதைக்கிறது. தாய்க்கு லேசான மரமரப்பு மட்டும் இருக்க, பிள்ளை எழுந்து நடக்க முடியாமல் போனது இப்படித்தான்.

1962 நவம்பரில் 16 குழந்தைகளுக்குப் பிறவி மினமாட்டா நோய் என்று அரசுத் தரப்பு ஏற்றது. பிறகு ஹராடா இன்னொரு சாட்சியைத் தேடினார். காய்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துக் குழந்தைக்குக் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? ஜப்பானியர்கள் அதைச் சின்னப் பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். வீடு வீடாகப் பெற்ற அந்தக் கொடிகளைச் சோதித்தபோது, ஆலையின் உற்பத்தி பெருகிய ஆண்டுகளில் பிறந்தவர்களின் கொடிகளில் பாதரசமும் பெருகியிருந்தது தெரிந்தது.

மினமாட்டா ஒரு உச்சம். அன்றாட மாசு இவ்வளவு உரக்கப் பேசாது. எடை குறைந்த பிறப்பாக, நாள் நிறையாத பிரசவமாக வரும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் நகரங்களிலும் கிராமங்களிலும் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். காற்றில் பி.எம். 2.5 நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். 4 கிராம் அற்பமாகத் தோன்றும். ஆனால் விறகடுப்பு எரியும் சமையலறையில் நுண்துகள் நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் அளவுக்கு ஏறும். இரண்டரை கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கும் குழந்தைக்கு நோய்த்தொற்று ஆபத்து அதிகம். பிற்காலத்தில் சர்க்கரை நோய், இதய நோய் வரும் வாய்ப்பும் கூடுதல்.

கர்ப்பிணிகளுக்கு அறிவுரை சொல்வது எளிது. மூச்சு விடாமல் இருக்க யாரால் முடியும்? மாற வேண்டியது சுற்றியுள்ள காற்றுதான். அமெரிக்காவின் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் சுங்கச்சாவடிகளுக்கு மின்னணுக் கட்டண முறை வந்தது. வண்டிகள் வரிசையில் நின்று புகை கக்குவது குறைந்தது. ஜேனட் கரி, ரீட் வாக்கர் என்ற பொருளியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாவடியிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மாரிடையே குறைப்பிரசவங்கள் 10.8 சதவீதமும், எடை குறைந்த பிறப்புகள் 11.8 சதவீதமும் குறைந்தன. இதற்காக அந்தத் தாய்மார் உணவையோ பழக்கத்தையோ மாற்றவில்லை. மாறியது வாசலில் இருந்த சாலை.