பாண்டியன் ஸ்டோர்ஸுக்கு மலையாளத்தில் ஒரு வீடு

ஆற்றுக்கால் பொங்கல் நாளில் திருவனந்தபுரத்தின் தெருவெல்லாம் செங்கல் அடுப்புகள். லட்சக்கணக்கான பெண்கள் பொங்கலிடும் அந்தக் கூட்டத்தில் மலையாளச் சேனல்களின் கேமராக்கள் ஆண்டுதோறும் தேடிப் போகும் முகங்களில் ஒன்று நடிகை சிப்பி. 1993-ல் பரதனின் 'பாதேயம்' படத்தில் மம்மூட்டிக்கு மகளாக வந்தவர். 1996-ல் சிவராஜ்குமாருடன் 'ஜனுமத ஜோடி'யில் நடித்துக் கன்னடத்திலும் கொடி நாட்டியவர். ஆனால் சீரியல் பார்க்கும் கேரளத்து வீடுகளுக்கு அவர் 'சாந்த்வனம்' தேவி.

தமிழர்களுக்கு இந்தத் தேவி அந்நியரல்ல. நம்முடைய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தனம் அண்ணிதான்.

விஜய் டிவியில் 2018 அக்டோபரில் தொடங்கிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்', 2020 செப்டம்பரில் ஏசியாநெட்டில் 'சாந்த்வனம்' ஆனது. ஒரு மளிகைக் கடை, தம்பிகளைப் பிள்ளைகளாக வளர்க்கும் அண்ணன், அவர்களுக்காகவே வாழும் அண்ணி. கதை அதேதான். மூர்த்தி பாலன் ஆனார், ஜீவா ஹரியானார், கதிர் சிவன் ஆனார். கடைக்கு கிருஷ்ணா ஸ்டோர்ஸ் என்று பெயர் வைத்தவர்கள், தொடரின் தலைப்பை மட்டும் கடையிடமிருந்து பறித்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். தொடரின் போக்கும் அப்படித்தான். கல்லாப்பெட்டியைவிட அடுக்களைக்கும் திண்ணைக்கும் அங்கே இடம் அதிகம்.

இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அல்ல. தனமாக நடித்த சுஜிதாவின் பூர்விகம் கேரளம். 'முந்தானை முடிச்சு' படத்தின் கைக்குழந்தை அவர்தான். ஃபாசில் மலையாளத்தில் எடுத்த 'பூவினு புதிய பூந்தென்னல்', அதையே தமிழில் எடுத்த 'பூவிழி வாசலிலே' இரண்டிலும் அந்தக் குழந்தை வேடம் அவருக்கே. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தெலுங்கில் 'வதினம்மா' ஆனபோதும் அண்ணி அவர்தான்.

'சாந்த்வனம்' தொடரைத் தூக்கி நிறுத்தியது சிவனும் அஞ்சலியும். அண்ணனுக்குப் பேசிய பெண், அவன் மனம் வேறிடத்தில் இருந்ததால், தம்பிக்கு மனைவியாகிறாள். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காது. சஜினும் கோபிகா அனிலும் அந்தப் பகையை அவசரமே இல்லாமல் அன்பாக மாற்றிய விதம்தான் அழகு. பெரிய வசனம் கிடையாது. முறைப்பு, மௌனம், யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கரிசனம். ரசிகர்கள் இருவர் பெயரையும் சேர்த்து 'சிவாஞ்சலி' என்றே அழைத்தார்கள். தமிழில் கதிர்–முல்லை ஜோடிக்குக் கிடைத்த அன்புக்கு ஈடானது இது. முல்லையாக நடித்த வி.ஜே. சித்ரா 2020 டிசம்பரில் மறைந்தபோது தமிழ்க் குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பெண்ணை இழந்ததுபோல் கலங்கின. 'சாந்த்வனம்' இயக்குநர் ஆதித்யன் 2023 அக்டோபரில், தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே காலமானார். 2024 ஜனவரியில் தொடர் முடிந்தது.

ஒரே கதை இப்படி ஊர் ஊராகப் போவதற்குக் காரணம் எளிது. விஜய், ஏசியாநெட், ஸ்டார் பிளஸ் எல்லாம் ஒரே குழுமத்துச் சேனல்கள். ஓரிடத்தில் வென்ற கதையை மற்ற மொழிகளுக்கு எடுத்துக்கொள்வது அவர்களுக்கு வசதி. வங்காளத்தின் 'ஸ்ரீமொயி' மலையாளத்தில் 'குடும்பவிளக்கு', தமிழில் 'பாக்கியலட்சுமி', இந்தியில் 'அனுபமா' என்று வளர்ந்ததும் இதே வழியில்தான்.

இந்த வசதியில் ஆபத்தும் இருக்கிறது. வாராவாரம் வரும் டி.ஆர்.பி. எண்ணே ஒரு தொடரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கதை முடிந்தாலும் தொடர் முடிவதில்லை. புதிய வில்லி வருவாள், பழைய சண்டை திரும்பும். 2021-ல் கேரள அரசின் தொலைக்காட்சி விருதுகளை முடிவு செய்த நடுவர் குழு, தகுதியான சீரியல் எதுவும் இல்லை என்று சிறந்த தொடருக்கான விருதையே கொடுக்கவில்லை. பல சீரியல்கள் பிறக்கும் திருவனந்தபுரத்தில் இந்த அறிவிப்பு எவ்வளவு வலித்திருக்கும்! ஆனாலும் அது நியாயமான முடிவு. தகுதியான சீரியல் எங்கே என்பது, சீரியலை மனதார நேசிக்கிறவர்களே முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நல்லதைச் செய்ய முடியாதா என்றால், முடியும். ஃபிளவர்ஸ் டிவியில் 2015-ல் தொடங்கிய 'உப்பும் முளகும்' அதைக் காட்டியது. அதில் மாமியார் கொடுமை இல்லை, விஷம் கலந்த பால் இல்லை. ஒரு தம்பதி, குழந்தைகள், அன்றாடச் சச்சரவுகள், அவ்வளவுதான். அப்பா பாலுவாக நடித்த பிஜு சோபானம், திருவனந்தபுரத்தில் காவாலம் நாராயண பணிக்கர் நடத்திய 'சோபானம்' நாடகக் குழுவில் பயின்றவர். பெயரிலேயே குழுவைச் சுமக்கும் அந்த நடிகர் வாய் திறந்தால் வசனம் பேசுவதாகவே தோன்றாது.

'பாண்டியன் ஸ்டோர்ஸ்' பிடித்தவர்கள் 'சாந்த்வனம்' தொடரின் தொடக்க மாதங்களையும் பாருங்கள். மொழி தடையாக இராது, கதைதான் தெரியுமே. கதிரையும் சிவனையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, எது மேல் என்று வீட்டில் உட்கார்ந்து வாதாடுங்கள்.