ஜெபமும் வேண்டும், ஆஸ்பத்திரியும் வேண்டும்



இதயக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றி எழுதும்படி சில தாய்மார்கள் கேட்டிருந்தார்கள். 1,000 குழந்தைகள் பிறந்தால் 8 முதல் 10 குழந்தைகளுக்கு இப்படி ஏதோ ஒரு குறை இருக்கும். ஆகவே இது எங்கோ நடக்கிற சங்கதி அல்ல, நம் லயத்திலும் நடக்கும். இந்த முறை மருந்தோடு கொஞ்சம் விசுவாசத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் பால் வெட்டும் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். இரண்டாவது பெண் குழந்தைக்கு அப்போது இரண்டு வயது. இருமல் என்று இரண்டு தடவை தூக்கி வந்தார்கள். இரண்டு தடவையும் இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன். சட்டையைக் கழற்றி நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கவில்லை. அது என் தவறு. மறைக்க விரும்பவில்லை.

மூன்றாவது தடவை குழந்தை வாசலில் இருந்து பெஞ்சு வரை நடந்து வந்தது. பாதி வழியிலேயே குந்தி உட்கார்ந்து மூச்சு வாங்கியது. “எப்பவும் இப்படித்தான் ஐயா, விளையாட்டுல கொஞ்சம் ஓடினா குந்திக்குவா” என்றாள் தாய். நாக்கை நீட்டச் சொன்னேன். நாவற்பழம் தின்ற மாதிரி நீலம். குழல் வைத்தேன். துடிப்போடு சேர்ந்து உஸ், உஸ் என்று ஒரு சத்தம். அன்றே கடிதம் எழுதி மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கிருந்து கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்திற்கு அனுப்பினார்கள். 1992-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது.

இந்த நோய் என்ன?

டாக்டர்கள் இதை ஃபேலோ நாற்கோளாறு என்கிறார்கள். இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவில் ஓட்டை. நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழி குறுகல். உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் அந்த ஓட்டைக்கு மேலே வந்து உட்கார்ந்திருக்கும். வலது அறையின் சதை தடித்துப்போயிருக்கும். இதனால் நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாக வேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி, சுத்தமாகாமலே உடம்புக்குப் போய்விடுகிறது. அதுதான் அந்த நீல நிறம். நம் பிள்ளைகள் நிறம் கறுப்பு. தோலில் நீலம் தெரியாது. நாக்கிலும் உதட்டின் உள்பக்கத்திலும் நகத்திலும் பாருங்கள்.

“நான் என்ன பாவம் செஞ்சேன் ஐயா?”

அந்தத் தாய் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். குழந்தையின் இதயம் கர்ப்பத்தின் முதல் எட்டு வாரத்துக்குள் உருவாகிவிடுகிறது. தான் முழுகாமல் இருப்பது பல பெண்களுக்கு நிச்சயமாவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும். கர்ப்ப காலத்தில் ருபெல்லா அம்மை வந்தாலும், கட்டுக்கு அடங்காத நீரிழிவு இருந்தாலும் ஆபத்து கூடும். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடியாது. தாய் உழைத்ததாலோ, தகப்பன் செய்த பாவத்தாலோ வருவதில்லை.

நான் கிறிஸ்தவன் அல்ல. எனவே தோட்டத்துக் கோயில் உபதேசியாரை அழைத்துக்கொண்டு போனேன். அவர் யோவான் சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்தார். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று இயேசு சொல்லிவிடுகிறார். உபதேசியார் அதை இரண்டு தடவை வாசித்தார். அந்தப் பெண் வெகுநேரம் அழுதாள். ஆனால் அன்றோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டாள்.

தகப்பனார் விஷயம் வேறு. டாக்டர்கள் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பட்டணத்து உறவினர் ஒருவர் வந்து, “ஆபரேஷனுக்குச் சம்மதிச்சா உனக்கு விசுவாசம் இல்லைன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டுப் போனார். இவரும், “ஜூலை 26 திருநாளுக்கு புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு நேந்திருக்கேன். அது முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்றார். அப்போது மார்ச் மாதம்.

உபதேசியார் கோபப்படவில்லை. “தம்பி, தினமும் ஜெபம் பண்ணிட்டுத்தானே மரம் வெட்டப் போறே? அதுக்காகக் கத்தியைத் தீட்டாமலா போறே?” என்றார். நற்செய்தி எழுதிய லூக்காவும் வைத்தியர்தான் என்றார். தகப்பனார் பதில் பேசவில்லை.

நாலாம் நாள் விடியற்காலை குழந்தை அழுது அழுது, உடம்பெல்லாம் நீலம் பாய்ந்து துவண்டுவிட்டது. தகப்பன் பிரட்டுக்குப் போய்விட்டார். நான் சொல்லிக் கொடுத்திருந்தபடி தாய் குழந்தையின் முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்து வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழந்தை பிழைத்தது. மாலையில் தகப்பனார் என்னிடம் வந்து, “எங்கே கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டார்.

இந்த நோய்க்கு முதல் ஆபரேஷன் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 1944 நவம்பர் 29 அன்று நடந்தது. ஹெலன் டாசிக் என்ற பெண் டாக்டர் யோசனை சொன்னார். ஆல்ஃபிரட் பிளேலாக் ஆபரேஷன் செய்தார். அந்த முறையைச் சோதனைக்கூடத்தில் செய்து பழகியவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி. தச்சு வேலை பார்த்தவர், டாக்டர் பட்டம் இல்லாதவர். ஆபரேஷனின்போது பிளேலாக்கின் பின்னால் நின்று வழி சொன்னார். கடவுள் யார் கை வழியாக வேலை செய்கிறார் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பார் எங்கள் உபதேசியார்.

நம் பெண்ணுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஜூலையில் நேர்த்திக்கடனையும் செலுத்தினார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆண்டுக்கு ஒரு முறை டாக்டரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பக்கத்து டிவிஷனில் ஓர் ஆண் குழந்தைக்கு இதைவிடக் கடுமையான கோளாறு. அந்தப் பெற்றோரும் ஜெபம் செய்தார்கள், சொன்ன நாளுக்கு ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். குழந்தை தங்கவில்லை. விசுவாசம் குறைவு என்று அவர்கள் காதுபடப் பேசியவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவன் வீட்டில் போய்ச் சும்மா உட்கார்ந்திருங்கள், அடுப்பை மூட்டிக் கொடுங்கள். அது போதும்.

கவனிக்க வேண்டியவை

பால் குடிக்கும்போது வேர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, எடை ஏறாதது, அழுதால் நாக்கு நீலமாவது, நடந்தால் குந்திக்கொள்வது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

நீலம் பாய்ந்து மூச்சு முட்டினால் முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் பிடியுங்கள், அழவிடாமல் தேற்றுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். உடம்பில் தண்ணீர் குறைந்தால் ஆபத்து. தவக்காலத்தில் இவர்களை ஒருசந்தி இருக்க வைக்காதீர்கள்.

பல்லைச் சுத்தமாக வைத்திருங்கள். பல் பிடுங்குவதற்கு முன் இதயக் கோளாறு உண்டென்று பல் டாக்டரிடம் சொல்லுங்கள். சொத்தைப் பல் கிருமி இதயத்தில் போய் உட்காரக்கூடும்.

ஜெபக் கூட்டத்தில் சுகம் கிடைத்தது என்று தோன்றினாலும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் போகுமே என்று பயந்து கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். முன்கூட்டியே கிளைத் தலைவரிடம் சொன்னால் நிர்வாகத்திடம் பேசிப் பார்ப்பார்.

கடைசியாக ஒன்று. உங்கள் டிரெசர் இருமல் மருந்தை மட்டும் ஊற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். “நெஞ்சுல குழல் வச்சுப் பாருங்க ஐயா” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நான் உட்பட எந்த டிரெசரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.