அடங்காப்பற்றும் யாயிக்கு நதியும்

பேரரசுகளின் எல்லைப்புறங்களில் வாழ்வோர் எளிதில் அடங்குவதில்லை. வல்லரசுகளின் இடைநிலத்தில், ஒன்றுக்குத் திறை செலுத்தியும் மற்றொன்றுடன் உறவு பூண்டும், தம் வழக்கங்களைத் தாமே காத்து வாழ்தல் அவர்தம் இயல்பு. அவ்விடைநிலத்தை ஓர் அரசு முழுமையாகத் தன்வயப்படுத்த முனையும்போது கிளர்ச்சி எழுகின்றது. உருசிய நாட்டுக் கொசாக்கியர் வரலாறும் ஈழத்து வன்னியர் வரலாறும் இதற்குச் சான்றாம்.

யாயிக்கு நதிக்கரையில் வாழ்ந்த கொசாக்கியர், எல்லைக்காவற் பணிக்குக் கைம்மாறாக மீன்பிடி முதலாய உரிமைகளைத் துய்த்து வந்தனர். அவற்றை அரசு குறைக்கவே, 1772 இல் கலகம் விளைந்து அடக்கப்பட்டது. மறு ஆண்டில் எமெலியான் புகச்சோவ் என்னும் கொசாக்கியன், இறந்துபட்ட மன்னன் மூன்றாம் பீற்றர் தானே எனக் கூறி எழுந்தான். 1774 இல் பண்ணையடிமைகளுக்கு விடுதலை வழங்கி அவன் விடுத்த ஆணை குடியானவரைத் திரள்திரளாக அவன்பாற் சேர்த்தது. ஈற்றில் தன்னவராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1775 இல் மொஸ்கோ நகரிற் கொலையுண்டான்.

இனி வன்னியை நோக்குவோம். வடக்கே யாழ்ப்பாணமும் தெற்கே கண்டியும் எல்லைகளாக, பனங்காமம், முள்ளியவளை, கருநாவற்பற்று முதலிய பிரிவுகளில் வன்னியர் ஆண்டனர். தண்ணீரூற்று இம்முள்ளியவளையைச் சார்ந்ததே. காடும் குளமும் அரணாக அமைந்த இந்நாட்டுக்கு அடங்காப்பற்று என்னும் பெயர் பொருத்தமுடையதே. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் வன்னியரிடம் யானைகளைத் திறையாகக் கேட்டனர். அத்திறை ஒழுங்காகக் கிடைத்ததில்லை. 1782 இல் அவர்கள் படைகொண்டு வன்னியை அடக்கினர். பின்னர் நாகல் என்னும் அதிகாரி அதனை நேரே நிருவகித்தான். 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். ஆள்வோர் மாறினரேயன்றி வன்னியர் இழந்த உரிமை மீளவில்லை.

1803 ஆம் ஆண்டு ஆனியில் கண்டியிலிருந்த ஆங்கிலப் படை அழிவுற்றது. அவ்வாய்ப்பை நழுவவிடாத பண்டாரவன்னியன், கண்டியரின் துணையுடன் ஆவணி 25 ஆந் தேதி முல்லைத்தீவைத் தாக்கிக் கைப்பற்றினான். கப்டன் வொன் டிறிபேர்க்கின் காவற்படை கடல்வழியே பின்வாங்கியது. எனினும் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் படைகள் ஏவப்பட்டன. ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் ஐப்பசி 31 ஆந் தேதி பண்டாரவன்னியன் தோல்வியுற்றான். வன்னியர் ஆட்சியும் அத்துடன் மறைந்தது.

இருவரிடையும் வேற்றுமை உண்டு. புகச்சோவ் பிறன் பெயரைப் புனைந்தான். பண்டாரவன்னியன் தன் குலத்தின் பெயராலேயே எழுந்தான். முன்னவன் அடிமைத்தளையை அறுக்க ஆணையிட்டான். பின்னவன் மரபுரிமையை மீட்க முயன்றான். ஆதலின் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

தோற்றபின் நிகழ்ந்ததே பெரிதும் சிந்திக்கத்தக்கது. கிளர்ச்சியின் நினைவே எஞ்சலாகாதெனக் கருதிய கதரீன் அரசி, யாயிக்கு நதியின் பெயரையே 1775 இல் ஊரால் என மாற்றினாள். ஆயினும் புஷ்கின் 1834 இல் புகச்சோவின் வரலாற்றை எழுதினான், பெயர் பிழைத்தது. வன்னியிலோ, இவ்விடத்தருகே டிறிபேர்க் பண்டாரவன்னியனை வென்றான் என அறிவிக்கும் கல்லொன்று ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் கற்சிலைமடுவில் நாட்டப்பட்டது. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுதல் தொல்காப்பியம் கூறும் மரபு. வென்றவன் புகழுக்கென நட்ட கல், தமிழர் கண்ணுக்குத் தோற்றவனின் நடுகல்லாயிற்று. வன்னி எழுத்தாளர் முல்லைமணி அவன் பெயரால் நாடகமும் இயற்றினார். இன்று டிறிபேர்க்கின் பெயரை நாம் அறிவதும் பண்டாரவன்னியனாலேயே அன்றோ!