பையின் அடியில் ஒளியும் மருந்து

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தில்லி வானம் சாம்பல் நிறம் பூணும். பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கப்படும் நெல் தாளடியின் புகையும் வண்டிப் புகையும் குளிர்காற்றில் மேலெழ இயலாமல் நகரின்மேல் தங்கிவிடுகின்றன. அந்நாள்களில் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவதுண்டு. ஆனால் ஆஸ்துமாவுக்கு விடுமுறை இல்லை.

ஈளை, இரைப்பு என்றும் தமிழில் வழங்கும் இந்நோய் உள்ளவரின் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் எப்போதும் சற்று வீங்கியிருக்கும். புகையோ தூசியோ குளிர்காற்றோ பட்டால், குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகும், சளி பெருகும், காற்று செல்லும் வழி குறுகும். மூச்சை வெளிவிடும்போது சீழ்க்கை போன்ற ஒலி எழுவது இதனால்தான்.

இதற்குரிய இன்ஹேலர் மருந்துகள் இருவகைப்படும். ஒன்று இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். மற்றொன்று வீக்கத்தைத் தணிக்கும். அதனை நாள்தோறும் எடுக்க வேண்டும். அதன் பயன் மெல்லவே தெரிவதால், நலமாக உள்ள நாள்களில் பலர் நிறுத்திவிடுகின்றனர். தொல்லை பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

'இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது' என அஞ்சும் பெற்றோர் பலர். அது வீண் அச்சம். மருந்து நேரே நுரையீரலைச் சேர்வதால் மிகச் சிறிய அளவே போதுமானது. பதின்பருவத்தினரின் இடர்ப்பாடோ வேறு. நண்பர்கள் பார்ப்பார்களே என்று நாணி, இன்ஹேலரைப் புத்தகப்பையின் அடியில் மறைத்துவிடுகின்றனர். மூச்சுத் திணறும்போதும் வெளியே எடுப்பதில்லை.

இந்த நாணத்தை மருத்துவமனையைவிடப் பள்ளியே எளிதில் போக்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பயிற்சி பெற்ற 11ஆம் வகுப்பு மாணவர்கள் 10ஆம் வகுப்பினருக்கு ஆஸ்துமா பற்றிக் கற்பித்தனர். 10ஆம் வகுப்பினர் தாம் கற்றதை 7ஆம் வகுப்பினர்முன் நிகழ்ச்சியாக நடத்திக் காட்டினர். நோய் இல்லாத மாணவர்களும் உடன் பயின்றதே இதன் சிறப்பு. ஆறு பள்ளிகளை ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2001இல் வெளியாயிற்று. இத்திட்டம் நடந்த பள்ளிகளில் ஆஸ்துமா உள்ள மாணவரின் வாழ்க்கைத்தரம் உயர்ந்திருந்தது.

இவ்வாறு கற்ற மாணவர், மூச்சுத் திணறும் தோழனைப் படுக்கவைக்கமாட்டார். நிமிர்ந்து உட்காரச் செய்து, இன்ஹேலரை எடுத்துக் கொடுத்து, ஆசிரியரை அழைப்பார். மருத்துவர் எழுதித் தரும் செயல்திட்டத் தாளின் ஒரு படி வீட்டிலும் மற்றொரு படி வகுப்பாசிரியரிடமும் இருத்தல் வேண்டும். மருந்தின் இடம் பூட்டிய அலமாரி அன்று. மாணவரின் கைக்கெட்டும் தொலைவே.